மீன் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது, உடனே உதவி தேவை

நீலத்தொட்டி:
வணக்கம். அண்மையில் வாங்கிய மீன் தொட்டியின் அடியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. கண்கள் திறந்தே இருக்கின்றன, செவுள் மட்டும் மெல்ல அசைகிறது. இறந்துவிட்டதென்று எண்ணி வலையை நீட்டினால் துள்ளி ஓடி, சிறிது நேரத்தில் அதே இடத்துக்கு வந்து மறுபடியும் சாய்ந்துகொள்கிறது. என்ன மருந்து விடலாம் என்று தெரிந்தவர்கள் விரைந்து சொல்லவும்.

கரையோரம்:
என்ன மீன் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. தொட்டி எத்தனை லிட்டர், நீரின் வெப்பநிலை என்ன, மீன் கழிவால் நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் அளவுகளைச் சோதித்தீர்களா? அவற்றைச் சொல்லும்வரை எந்த மருந்தும் விட வேண்டாம்.

பாசிக்காடு:
இது ஆக்சிஜன் குறைவாகத்தான் இருக்க வேண்டும். இரவில் செடிகளும் ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வதால், செடி அடர்ந்த தொட்டிகளில் விடியும் நேரத்தில் அதன் அளவு மிகவும் தாழ்ந்துவிடும். ஏர் பம்ப்பை இரவில் நிறுத்துகிறீர்களா?

நன்னீரன்:
மீனின் பெயரையே சொல்லாமல் மருந்து கேட்பது, நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வைத்தியரிடம் போவது போன்றது. இதை ஒவ்வொரு புதியவருக்கும் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாசிக்காடு அவர்களே, ஆக்சிஜன் குறைந்தால் மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அடியில் அமைதியாகப் படுத்திருக்காது.

நீலத்தொட்டி:
க்ளவுன் லோச், ஒன்றுதான் இருக்கிறது. செடி இல்லை. விளக்கு இரவும் பகலும் எரிகிறது.

நன்னீரன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். போர்னியோ, சுமத்ரா ஆறுகளைச் சேர்ந்த இந்த மீன் பக்கவாட்டில் படுத்து ஓய்வெடுப்பது அதன் இயல்பு. பெரும்பாலான மீன்களுக்கு இமை இல்லாததால் கண் திறந்தபடியேதான் உறங்கும். செவுள் சீராக அசைந்து, துடுப்புகள் உடலோடு ஒட்டாமல், தொந்தரவு செய்தவுடன் நன்றாக நீந்தினால் அது ஓய்வு. செவுள் வேகமாக அடித்தாலோ, உடலில் உப்புத்தூள் போன்ற வெண்புள்ளிகள் தென்பட்டாலோ அது நோய். இந்த இனத்துக்கு வெண்புள்ளி நோய் எளிதில் தொற்றும். மருந்துகளையும் இது சரியாகத் தாங்காது என்பதால் வீணாக எதையும் விட வேண்டாம்.

இருளகம்:
விளக்கை அணையுங்கள், அதுதான் மூலகாரணம். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேர வெளிச்சம் போதும்.

பாசிக்காடு:
விளக்கால் பெரிய கேடில்லை. வரிக்குதிரை மீன்களை வைத்து 2007இல் வெளியான ஆய்வில், தொடர் ஒளியில் உறக்கத்தை இழந்த மீன்கள் இருளுக்குத் திரும்பியபின் அதை ஈடுசெய்யவில்லை. அப்படியானால் அந்த உறக்கம் அவற்றுக்கு அவ்வளவு இன்றியமையாததா என்று கேட்க வேண்டியிருக்கிறது. மீனுக்கு நம்மைப் போன்ற பெருமூளைப் புறணியும் (மூளையின் வெளி அடுக்கு) கிடையாது.

இருளகம்:
அதே ஆய்வில், இருளில் மெல்லிய மின்னதிர்வால் உறக்கம் கலைக்கப்பட்ட மீன்கள் பின்னர் கூடுதலாக உறங்கி ஈடுசெய்தன. அந்தப் பகுதியை விட்டுவிட்டீர்கள். 2019இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வரிக்குதிரை மீன் குஞ்சுகளின் மூளையையும் தசையையும் உறக்கத்தின்போது படம்பிடித்து, நம் ஆழ்ந்த உறக்கத்தையும் கனவுநிலை உறக்கத்தையும் ஒத்த இரு நிலைகளைக் கண்டனர். கனவுநிலை உறக்கத்தில் நமக்கு உண்டாகும் வேகமான கண்ணசைவு மட்டும் அவற்றிடம் காணப்படவில்லை. புறணி இல்லாததைக் காட்டி மீனின் உறக்கத்தைச் சிறுமைப்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

பாசிக்காடு:
அது வரிக்குதிரை மீன், இது லோச். ஓரினத்தின் முடிவை மற்றோர் இனத்துக்கு அப்படியே பொருத்துவது சரியன்று.

இருளகம்:
அந்த வரம்பு நீங்கள் காட்டிய 2007ஆம் ஆண்டு ஆய்வுக்கும் பொருந்தும். பகலிலேயே ஒதுங்கி ஒளியும் மீனுக்கு இருள் தராமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை.

கரையோரம்:
விவாதம் இருக்கட்டும். நீலத்தொட்டி, அம்மோனியாவைச் சோதித்தீர்களா? புதிய தொட்டியா?

நீலத்தொட்டி:
அம்மோனியா 0, நைட்ரைட் 0. விளக்கை அணைத்து, உள்ளே ஒரு குழாய்த்துண்டு வைத்தேன். அதற்குள் போய்ப் படுக்கிறது, உணவும் எடுக்கிறது. அனைவருக்கும் நன்றி.

கரையோரம்:
மகிழ்ச்சி. லோச் கூட்டமாக வாழும் மீன் என்பதால் குறைந்தது ஐந்து மீன்களாவது சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் வளர்ந்தால் 30 செ.மீ. வரை நீளும். அதனால்தான் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டேன். அதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.