மெத்தை குறித்த என் கேள்வி: நான்கு மாதங்களுக்குப் பிந்தைய புதுப்பிப்பு
112 கிலோ எடையுள்ள எனக்கு, 15,000 ரூபாய்க்குள், குழி விழாமலும் இரவில் வியர்க்காமலும் இருக்கும் ஒற்றைக் கட்டில் மெத்தை எது என்று சித்திரையில் இங்கே கேட்டிருந்தேன். உடல் சூட்டில் இளகி, உடலைச் சுற்றி அணைத்து வெப்பத்தைத் தேக்கும் மெமரி ஃபோமைத் தவிர்த்து, நார்களுக்கிடையே காற்று புகுந்து வெளியேறும் ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தையை, மேலே 2 அங்குல லேடெக்ஸ் (ரப்பர் நுரை) அடுக்குடன் வாங்கினேன். இலவம்பஞ்சு குளிர்ச்சிதான்; ஆனால் என் எடைக்கு விரைவில் கட்டிதட்டிவிடுகிறது.

முதல் வாரம் இடுப்பு வலித்தது, பிறகு பழகிவிட்டது. வியர்வை வெகுவாகக் குறைந்துள்ளது. பழைய மெத்தையின் குழிக்குப் பாதிக் காரணம் கட்டிலின் வளைந்த சட்டங்களே என்பதை, அந்த மெத்தையை அகற்றியபோதுதான் கண்டேன். இப்போது அவற்றின் மீது, காற்றுக்காகத் துளையிட்ட பிளைவுட் பலகையைப் பொருத்தியிருக்கிறேன். தென்னைநாரும் நாளடைவில் அமுங்கும் என்பதால், மாதந்தோறும் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போடுகிறேன்.