நாலு தடவை ஏர் எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரி போகிறது

கார்த்தி: மாமா, இருக்கிறீர்களா? முன் பிரேக் பேட் மட்டும் மாற்றலாம் என்றுதான் கழற்றினேன், இடது பக்கப் பிஸ்டன் துருப்பிடித்து உள்ளே போகவே இல்லை, அதனால் பிஸ்டன் இருக்கிற காலிப்பரையே இரண்டு பக்கமும் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டேன். இப்போது பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகிறது.

மாமா: வண்டியை எடுக்காதே. ஜாக்கியில் மட்டுமா நிற்கிறது?

கார்த்தி: ஸ்டாண்டு போட்டிருக்கிறேன்.

அம்மா: அண்ணா, காலையிலிருந்து சாப்பிடவில்லை இவன்

மாமா: பிரேக் லைனிலிருந்து ஏர் எடுத்தாயா?

கார்த்தி: நாலு தடவை. தம்பி மிதிக்க நான் காலிப்பரில் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூடி, அரை லிட்டர் டாட் 3 பிரேக் ஆயிலும் தீர்ந்தது. டியூபில் குமிழே இல்லை. வேகமாகப் பத்து மிதி மிதித்தால் கெட்டியாகிறது, கொஞ்சம் விட்டால் பழைய கதைதான்.

பிரபு அண்ணன்: பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும்டா, மாற்றிவிடு

மாமா: பிரபு, பொறு. நேற்று வரை பிடித்த பிரேக். மிதிக்க மிதிக்க ஏறுகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது. மாப்பிள்ளை, நிப்பிளை ஒரு போட்டோ எடு.

கார்த்தி: 📷 கீழே இருக்கிறது மாமா, ஆயில் ஹோஸ் அதற்கு மேலே.

மாமா: அதுதான். இடதும் வலதும் மாறிவிட்டது. நிப்பிள் உச்சியில் இருக்க வேண்டும். காற்று மேலே உட்கார்ந்திருக்கும்போது கீழே திறந்தால் ஆயில்தான் வரும், நாற்பது தடவை எடுத்தாலும்.

கார்த்தி: ஐயோ. இரண்டும் ஒரே மாதிரி இருந்தது, போல்ட்டும் சரியாக உட்கார்ந்ததே!

மாமா: உட்காரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வேனுக்கு நானும் இப்படித்தான் மாட்டினேன், முதலாளி ஒன்றும் பேசாமல் ஸ்பேனரால் நிப்பிளைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். சரி, மாற்றி மாட்டு. ஹோஸ் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போடு. புது ஆயில் வாங்கு, வடிந்ததைத் திரும்ப ஊற்றாதே. மாஸ்டர் சிலிண்டர் மேலே இருக்கும் டப்பாவில் ஆயில் இறங்கிப் போனால் மறுபடி காற்று ஏறும். அப்புறம் பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வை, தரை வரை மிதித்தால் பழைய மாஸ்டர் சிலிண்டரில் சீல் கிழியும், அப்போது பிரபு சொன்னது நிஜமாகிவிடும்.

பிரபு அண்ணன்: 😐

கார்த்தி (மாலை 4:10): மாமா!! திறந்ததும் புஸ்ஸென்று நுரை. இப்போது பெடல் பாதியிலேயே கெட்டியாக நிற்கிறது. பெயின்ட்டில் தெறித்ததையும் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டேன்.

மாமா: எஞ்சினைப் போட்டு அழுத்திப் பிடித்து எங்கேயாவது கசிகிறதா பார். காம்பவுண்டுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டுக்கு.

அம்மா: முதலில் சாப்பிட வரச் சொல்லுங்கள் அண்ணா

மாமா: வண்டியை இறக்கி வீல் நட்டை இன்னொரு தடவை முறுக்கிவிட்டுப் போய்ச் சாப்பிடு.