ரோம் நகரில் முதிய பெற்றோருடன்: விமான நிலையத்திலிருந்து டிராஸ்டெவெரே வரையும் நகருக்குள்ளும் எப்படிச் செல்வது?

கேள்வி

வணக்கம். வரும் அக்டோபரில், எழுபது வயதைக் கடந்த என் பெற்றோரை ரோம் நகருக்கு அழைத்துச் செல்கிறேன். சென்னையிலிருந்து புறப்பட்டு ஃபியுமிச்சீனோ விமான நிலையத்தில் மாலையில் இறங்குவோம். தங்குமிடம் டிராஸ்டெவெரே பகுதியில் மஸ்தாய் சதுக்கத்துக்கு அருகில் இருக்கிறது. விசாரித்தவர்கள் எல்லோரும் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயிலில் டெர்மினி நிலையத்துக்குப் போய் அங்கிருந்து மெட்ரோவில் செல்லுமாறு சொல்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் படிகள் அதிகம் ஏற முடியாது. வாடிக்கன், கொலோசியம், திரேவி நீரூற்று மூன்றையும் அவர்கள் அலைச்சல் இல்லாமல் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம். வழி தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1

நீங்கள் தங்கும் இடத்துக்கு டெர்மினி வழியாகப் போகவே வேண்டாம். டெர்மினி நகரின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. டிராஸ்டெவெரே டைபர் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே மெட்ரோ நிலையமே கிடையாது. 14 யூரோ கொடுத்து 32 நிமிடத்தில் டெர்மினியை அடைந்தாலும், பெட்டிகளுடன் நகரைக் கடந்து திரும்பி வர வேண்டியிருக்கும். அதே விமான நிலைய ரயிலடியிலிருந்து எஃப்.எல்.1 என்ற சாதாரண ரயில் புறப்படுகிறது. கட்டணம் 8 யூரோ. சுமார் அரை மணி நேரத்தில் டிராஸ்டெவெரே நிலையத்தில் இறங்கிவிடலாம். வேலை நாட்களில் கால் மணிக்கு ஒரு ரயிலும் ஞாயிறு, விடுமுறை நாட்களில் அரை மணிக்கு ஒரு ரயிலும் உண்டு.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அறிவிப்புப் பலகையில் டிராஸ்டெவெரே என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. அந்த ரயில் கடைசியாகச் சென்று நிற்கும் ஓர்தே அல்லது ஃபாரா சபீனா என்ற ஊரின் பெயர்தான் அதில் இருக்கும். பலர் அதைப் பார்த்து வேறு எங்கோ போகும் ரயில் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அச்சிட்ட பயணச்சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் ரயிலடியில் உள்ள கருவியில் செருகி நேரம் பதித்துக்கொள்ளுங்கள். பதிக்காத சீட்டுக்கு அபராதம் உண்டு. டிராஸ்டெவெரே நிலையத்துக்கு வெளியே வந்தால் 8-ஆம் எண் டிராம் நிற்கும் இடம் இருக்கிறது. அது உங்கள் மஸ்தாய் சதுக்கத்தைத் தொட்டு, ஆற்றைக் கடந்து, வெனீசியா சதுக்கம் வரை செல்கிறது.

பதில் 2

முதியோருடன் செல்பவர்கள் ரோமில் மெட்ரோவை நம்பித் திட்டமிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1955-இல் தொடங்கிய பி தடமும் 1980-இல் வந்த ஏ தடமும் டெர்மினியில் மட்டுமே சந்திக்கின்றன. நீங்கள் பார்க்க விரும்பும் பழைய நகரின் நடுப்பகுதியை இரண்டுமே ஓரமாகத்தான் தொட்டுச் செல்கின்றன. எங்கே தோண்டினாலும் பழங்கால எச்சங்கள் கிடைக்கும் மண் அது என்பதால், புதிய தடம் அமைப்பது மிக மெதுவாகவே நடக்கிறது. சி தடத்தில் 2018-இல் திறந்த சான் ஜொவான்னி நிலையத்தில், கீழே இறங்க இறங்க அந்த ஆழம் எந்தக் காலத்து மண் என்று சுவரிலேயே குறித்து, கிடைத்த பொருள்களையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நேரம் இருந்தால் உங்கள் தந்தையாருக்குக் காட்டுங்கள். ஆனால் பழைய நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லாததால், அம்மாவுக்கு டிராமும் பேருந்துமே பொருத்தம்.

கொலோசியத்துக்கு, டிராஸ்டெவெரே நிலையத்தில் புறப்படும் 3-ஆம் எண் டிராம் அதன் அருகிலேயே கொண்டு விடும். பாதைப் பணி நடக்கும் நாட்களில் டிராமுக்குப் பதிலாகப் பேருந்து ஓடும். நிறுத்தம் சற்றுத் தள்ளி இருக்கலாம். வாடிக்கனுக்கு, அதே டிராஸ்டெவெரே நிலையத்திலிருந்து ரோமா சான் பியெத்ரோ நிலையம் வரை ரயில் உண்டு; சில நிமிடப் பயணம்தான். அங்கிருந்து புனித பேதுரு பேராலயம் ஏறத்தாழ கால் மணி நடை. அருங்காட்சியகத்தின் வாசல் மதிலின் வடக்குப் பக்கம் இருப்பதால், பேராலயத்தையும் அதையும் ஒரே நாளில் வைத்தால் மதிலைச் சுற்றி நீண்ட தூரம் நடக்க நேரும். புதன்கிழமை காலையில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு நடப்பதால், அதில் கலந்துகொள்ளாவிட்டால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். திரேவிக்கு 8-ஆம் எண் டிராமில் வெனீசியா சதுக்கம் வரை சென்று, மீதியை மெதுவாக நடக்கலாம். தெருவெல்லாம் கருங்கல் பாவியது. நல்ல காலணி அவசியம்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நகருக்குள் பயணச்சீட்டு எப்படி வாங்குவது? வங்கி அட்டையைத் தட்டினால் போதுமா? வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும் என்றும் கேள்விப்பட்டேன்.

பதில் 3

போதும், ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையால் மூவருக்கும் செலுத்த முடியாது. இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வைக்கப்பட்டிருக்கலாம். புறப்படும் முன் வங்கிச் செயலியில் அதையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் இயக்கிவிடுங்கள். பெற்றோரிடம் அட்டை இல்லையென்றால், டி என்ற எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடைகளில் 1.50 யூரோ சீட்டு வாங்கிக் கொடுங்கள். முதலில் பதித்ததிலிருந்து 100 நிமிடத்துக்குள் எத்தனை பேருந்து, டிராம் வேண்டுமானாலும் மாறலாம். மெட்ரோ அல்லது நகர ரயில் என்றால் ஒரு பயணம் மட்டுமே. சான் பியெத்ரோ ரயிலுக்கும் இது செல்லும், விமான நிலையத்துக்குச் செல்லாது.

வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும்; பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வரும். அந்த நாளிலும் காலை 8.30 வரையும், மாலை 5 முதல் 8 வரையும் நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ ஓடியாக வேண்டும் என்பது விதி. அப்படி ஒரு நாள் அமைந்தால் காலையிலேயே கொலோசியத்துக்குப் போய்விட்டு, பகலை அந்தப் பக்கத்திலேயே கழித்து, மாலை 5 மணிக்குப் பிறகு திரும்புங்கள். நிறுத்தத்தில் வண்டி வருவதைக் கண்டதும் கையை நீட்டுங்கள். பேருந்து தானாக நிற்கும் என்று காத்திருக்காதீர்கள். டெர்மினிக்கும் வாடிக்கன் பக்கத்துக்கும் இடையே ஓடும் 64-ஆம் எண் பேருந்தில் ஜேப்படித் திருடர்கள் தொல்லை உண்டு; அதில் ஏற நேர்ந்தால், அப்பாவின் சட்டைப் பையில் பணப்பையோ கடவுச்சீட்டோ இருக்க வேண்டாம்.