தம்பியின் டி.சி.யைத் தர மறுக்கிறார்கள், வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். தம்பி தனியார் கல்லூரியில் பி.காம் முதலாண்டு. அவனுக்கு அது ஒட்டவே இல்லை. விலகிவிட்டு அடுத்த ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் வரலாறு படிக்க ஆசைப்படுகிறான். வீட்டிலும் சரி என்றுவிட்டோம்.

அப்பா நெல் போட்ட காசில் கட்டிய பணம் போகட்டும். சேர்க்கைக்கான கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டினால் கட்டணம் திரும்பாது என்பதுதான் யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. ஆனால் மீதி இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி.யும் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் தருவார்களாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே யூ.ஜி.சி. அறிவித்திருக்கிறது. அதைச் சொன்னால் காதிலேயே வாங்கவில்லை.

இப்படி விலகி வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: பல்கலைக்கழகத்துக்கு எழுதினீர்களா, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தீர்களா? எது பலித்தது? அடுத்த சேர்க்கைக்குள் சான்றிதழ் கைக்கு வர வேண்டும்.