புதியவர்களுக்கு முதல் ஆஃப்ரோடு: ஒடுகத்தூர் மலைப்பாதை சரிவருமா?

காட்பாடி ஜிம்னி:
தார்ச்சாலையைத் தாண்டி ஓட்டாதவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுப் பயணம் போடலாம் என்று இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு வேலூர் கோட்டை முன்னால் கூடுவோம். ஒடுகத்தூர் தாண்டி மலைக் கிராமங்களுக்குப் போகும் மண்பாதையில் ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிடலாம். ஃபோர்வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வசதி, இல்லாத எஸ்யூவியும் வரலாம். பதினைந்து வண்டி சேர்ந்தால் கலகலப்பாக இருக்கும். யார் யார் ரெடி?

ஆம்பூர் கியர்பாக்ஸ்:
பதினைந்தா? ஒருவர் மேட்டில் திணறினால் மற்ற எல்லோரும் வெயிலில் காய வேண்டியதுதான். ஐந்து வண்டி போதும், அதில் இரண்டு பேராவது பழகிய கையாக இருக்கட்டும். இரண்டு சக்கரத்துக்கு மட்டும் விசை போகும் டூவீல் டிரைவ் வண்டி வேண்டவே வேண்டாம்.

காட்பாடி ஜிம்னி:
நம் பக்கம் மஹிந்திரா தார், ஜிம்னி, குர்கா மாதிரி ஃபோர்வீல் வண்டி வைத்திருப்பவர் எத்தனை பேர் அண்ணா? காய்ந்த மண்பாதைக்கு வண்டியின் அடி தரையில் இடிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஜிம்னிக்கு 210 மில்லிமீட்டர் இடைவெளி. அதற்குக் கிட்டே வரும் டூவீல் வண்டிகளும் இருக்கின்றன. எந்தக் கல்லில் சக்கரத்தை ஏற்றுவது, எதை விட்டு விலகுவது என்று பழக அது போதும்.

ஆம்பூர் கியர்பாக்ஸ்:
இடைவெளி சரி தம்பி, இறக்கத்துக்கு என்ன செய்வாய்? ஃபோர்வீல் வண்டியில் லோ ரேஞ்ச் என்று சக்கரத்தை மெதுவாக, பலமாகச் சுற்றும் கியர் அமைப்பு இருக்கும், அதில் முதல் கியர் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். அது இல்லாதவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார், சரளையில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஏற்றத்தில் இன்ஜின் நின்றுபோனால் இன்னும் மோசம். புதியவர் பதறிப்போய் கிளட்சை மிதிப்பார், அப்புறம் ஸ்டியரிங்கை ஒடிப்பார். சரிவில் குறுக்கே நின்ற வண்டி உருளத்தான் செய்யும். பிரேக்கை விடாமல் ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். இதையெல்லாம் மலையில் வைத்தா சொல்லிக்கொடுப்பது?

அணைக்கட்டு வாசி:
எனக்கு வண்டி விஷயம் தெரியாது, பாதை தெரியும். சாமை மூட்டையும் புளியும் இறங்குவது அந்த வழியாகத்தான். 2023இல் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை, ரோடு இல்லாததால் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இறந்தது. நீங்கள் பொழுதுபோக்காக ஒரே நாளில் உழுதுவிட்டுப் போனால், மறுநாள் பிரசவ வலியோடு பைக்கில் இறங்குகிறவள் என்ன செய்வாள்? சுற்றிலும் காப்புக்காடு வேறு. வனத்துறை அனுமதி பற்றி ஒரு வார்த்தை காணோமே?

குடியாத்தம் டஸ்டர்:
மலையே வேண்டாம் சார். பாலாறுதான் சும்மா கிடக்கிறதே. டயர் காற்றை 32இலிருந்து 20 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டால் மணலில் டயர் அகலமாகப் பதிந்து ஓடும்.

ஆம்பூர் கியர்பாக்ஸ்:
அள்ளியது போக மணல் எங்கே மிச்சம்? குழிதான் இருக்கிறது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், சக்கரம் இறங்கியதும் கீழே சகதி. கரையோரம் முழுக்க சீமைக் கருவேலம், அந்த முள் டயரைச் சும்மா விடாது.

காட்பாடி ஜிம்னி:
சரி, மலைப்பாதையை விட்டுவிடலாம். அணைக்கட்டு அண்ணா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்புக்குப் பின்னால் தரிசு நிலம் இருக்கிறது. கொஞ்சம் பாறை, ஒரு வறண்ட ஓடை. அவரிடம் பேசிவிட்டேன். எட்டு வண்டிக்கு மேல் சேர்க்கவில்லை. ஆனால் டூவீல் உண்டு, அதில் மாற்றம் இல்லை.

ஆம்பூர் கியர்பாக்ஸ்:
சிக்கினால் எதில் கட்டி இழுப்பாய்? அந்த மாதிரிப் பல வண்டிகளில் டோ ஹூக் என்பது டிக்கியில் டூல்ஸோடு கிடக்கும் ஒரு திருகு வளையம். மட்டத்தில் நேராக, மெதுவாக இழுக்கத்தான் அது. ரப்பர் மாதிரி நீண்டு சுண்டி இழுக்கும் ஸ்நாட்ச் ஸ்ட்ராப் கயிற்றை மாட்டிச் சுண்டினால் பிய்த்துக்கொண்டு பறக்கும், எதிரே நிற்பவர் மண்டை போய்விடும். வீடியோ எடுக்கிறேன் என்று கயிற்றுக்குப் பக்கத்திலேயே நிற்பதற்கென்று ஓர் ஆள் எப்போதும் வருவார்.

குடியாத்தம் டஸ்டர்:
என் வண்டி டூவீல்தான். நான் வரலாமா, வேண்டாமா?

காட்பாடி ஜிம்னி:
தாராளமாக வாருங்கள். ஓடையில் மட்டும் இறக்க வேண்டாம். முதலில் எல்லோரும் அந்தத் தடத்தை நடந்து பார்ப்போம், அப்புறம்தான் வண்டி. 12 வோல்ட் காம்பிரசர் இருந்தால் எடுத்து வாருங்கள், திரும்பும்போது காற்றடிக்க வேண்டும்.

அணைக்கட்டு வாசி:
தோப்பு எந்த ஊர் தம்பி? ஓடைக்கு அந்தப் பக்கம் யார் நிலம் என்று கேட்டாயா?