கொழும்புக்குப் போனால் சொந்தக்காரர் வீட்டில தங்கிறதில்லை: சரியோ பிழையோ?

உவர்மலையான்:
பயணமெண்டாலே தலையிடி எண்டு இங்க அடிக்கடி புலம்பல் கேக்குது. எனக்கு அந்தத் தலையிடி இல்லை. சில சட்டங்கள் வைச்சிருக்கிறன், மீறிறதில்லை. திருகோணமலையில இருந்து கொழும்பு கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர், பஸ்ஸில ஆறு தொடக்கம் எட்டு மணித்தியாலம். அதுக்காக ஒரு பகலைப் பாழாக்கமாட்டன். இரவு பஸ்தான், கந்தளாய் வரமுதலே நித்திரை. கையில ஒரேயொரு பை, மடியில வைக்கிற அளவு. “இதை வெள்ளவத்தையில குடுத்துவிடுங்கோ” எண்டு ஆரும் பார்சல் நீட்டினா வாங்கிறதில்லை. ஒரு நாளைக்கு ஒரு அலுவல்தான். பத்தரமுல்லையில பாஸ்போட் வேலை எண்டா அண்டைக்கு அது மட்டும், புறக்கோட்டையில சாமான் வாங்கிறது அடுத்த நாள்.

வீட்டில சண்டை வாறது கடைசிச் சட்டத்துக்குத்தான். சொந்தக்காரர் வீட்டில தங்கமாட்டன், லொட்ஜில அறை எடுப்பன். குளிச்சுப்போட்டு ஃபானைப் போட்டுப் படுத்தா, “ஏன் சாப்பாட்டை மிச்சம் விட்டனி, மகளுக்கு எப்ப கலியாணம்” எண்டு கேக்க ஒருத்தரும் இல்லை. மற்றவை என்ன சொல்லுறியள்?

திருக்கடலூர் அக்கா:
தம்பி, உம்மட சட்டமெல்லாம் ஆம்பிளையளுக்கு எழுதின சட்டம். ஒன்பது பத்து மணிக்கு வெளிக்கிடுற பஸ் விடியச்சாமம் மூண்டு நாலுக்குப் புறக்கோட்டையில இறக்கிவிடும். நீர் அங்க நிண்டு ஒரு பிளேன்ரீ குடிச்சு, பேப்பர் வரும்வரைக்கும் பொழுது போக்குவீர். நான் அந்த நேரம் எங்க நிக்கிறது? எந்த லொட்ஜ் கதவைத் தட்டுறது?

தண்ணிக் கதையும் இருக்கு. இரவு பஸ் ஏறுறதெண்டா பெண்டுகள் பின்னேரத்தோட தண்ணி குடிக்கிறதை நிப்பாட்டிப்போடுவம். ட்ரைவர் ஹபரணைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில நிப்பாட்டுவார். பின்பக்கம் போனா லைட் எரியாது, கொண்டி விழாது, ஒருத்தி கதவைப் பிடிக்க மற்றவ போகோணும். அதுக்குப் பயந்து தொண்டை காஞ்சு இருந்து, வீட்டுக்கு வந்து சலக்கடுப்பு எண்டு டொக்டரிட்டப் போன ஆக்கள் எனக்குத் தெரியும். கோச்சியில அந்தக் கரைச்சல் இல்லை. சுத்தம் எப்பிடியெண்டாலும் மலசலகூடம் பெட்டிக்குள்ளயே இருக்கு. எழும்பி நடக்கலாம், காலை நீட்டலாம். கோட்டை ஸ்ரேசனில இறங்கினா விடியும்வரை இருக்கச் சனத்தோட ஒரு இடமும் இருக்கு.

சொந்தக்காரர் வீடோ? பெரியம்மான்ர மகள் தெஹிவளையில இருக்கிறாள். நான் வாற நாள் அலாரம் வைச்சு எழும்பிக் கதவைத் திறப்பாள். அதைவிட என்ன சௌகரியம் வேணும் எனக்கு?

பாலையூற்றுப் பொடியன்:
நான் சத்தி எடுக்கிற கட்சி. எனக்கு ஒரே சட்டம்தான்: முன் சீட் இல்லாட்டி அந்த பஸ்ஸில ஏறமாட்டன். உள்காது “ஆடுறாய்” எண்டு சொல்லும், கண் முன் சீட்டின்ர முதுகைப் பாத்துக்கொண்டு “இல்லை, சும்மா இருக்கிறாய்” எண்டு சொல்லும். இந்த இழுபறியிலதான் வயித்தைப் பிரட்டுறது. முன்னுக்கு இருந்து றோட்டைப் பாத்தா ரெண்டும் ஒத்துப்போகும். எங்கட ஏசி பஸ்ஸில என்ன நடக்குது? யன்னல் திறக்கேலாது, திரையை இழுத்து விட்டிருப்பாங்கள், முன்னுக்கு ரீவியில படம், எயார் பிரெஷ்னர் வாசம் மூக்கில ஏறும். அதுக்குள்ள ஃபோனில மெசேஜ் வாசிச்சா முடிஞ்சுது. டைமென்ஹைட்ரினேற் குளிசை ஏறுறதுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடோணும். குமட்டத் தொடங்கின பிறகு போட்டுப் பிரயோசனம் குறைவு. நித்திரை தூங்கும், அதால வாகனம் ஓட்டிற ஆள் போடக்கூடாது.

இந்த விசயத்தில உவர்மலையான் அண்ணை சொல்ற இரவுப் பயணம் நல்லதுதான். கண்ணை மூடிப் படுத்தா குழப்பம் குறையும். லொட்ஜ் சண்டைக்கு நான் வரேல்ல.

கிண்ணியா நானா:
ஒரு பையாம், பார்சல் வாங்கமாட்டாராம்! தம்பி, கிண்ணியாவில இருந்து வெறுங்கையோட ஆரு கொழும்புக்குப் போறது? எருமைத் தயிர்ச் சட்டி ரெண்டாவது வேணும். வாயைக் கடதாசியால மூடி, கயித்தால பிடி கட்டித் தருவாங்க. மேல ராக்கையில வைச்சா குலுக்கத்தில தண்ணி ஊறி ஆர்ர தலையிலயாவது சொட்டும், கீழ வைச்சா ஆராவது உதைப்பான். அதால ரெண்டு காலுக்கும் இடையில வைச்சு இடுக்கிக்கிட்டுத்தான் போறது. கஷ்டம்தான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா தெமட்டகொடையில மருமகன் வீட்டில அந்தச் சட்டியத் திறக்கக்குள்ள புள்ளைகள் சுத்தி நிக்கிறதப் பாக்கணும்.

கஷ்டமெண்டா என்னெண்டு இந்தக் காலத்து ஆக்களுக்குத் தெரியாது. 2009இல பாலம் திறக்குமுன்ன கிண்ணியாத் துறையடியில பாதைக்கு, அதான் அக்கரைக்கு ஏத்திப்போற மிதவைக்கு, காத்து நிண்டுதான் டவுனுக்கே வாறது. இப்ப 396 மீற்றர் பாலத்தில கண்ணிமைக்கிற நேரத்தில கடக்கிறம், பிறகும் சௌகரியம் போதாதெண்டு சட்டம் எழுதுறம்.

உவர்மலையான்:
அக்கா, கோச்சியப் பற்றிச் சொன்னியள், நான் மறுக்கேல்ல. ஆனா சீட் புக் பண்ணாட்டி இரவு முழுக்க நிண்டுகொண்டு போகோணும், லீவு நாளுகளில சீட்டும் கிடைக்காது. நேரத்துக்குப் போய்ச் சேரும் எண்டும் நம்பேலாது. கல்லோயாச் சந்திக்கு அங்கால இங்கால எல்லாம் யானைக்காடு, மெதுவாத்தான் ஓட்டோணும். 2025 பெப்ரவரியில ஹபரணைப் பக்கம் ரயில் மோதி ஆறு யானை செத்தது எல்லாருக்கும் தெரியும். மெதுவாப் போகட்டும், அதுதான் நியாயம். ஆனா காலமை எட்டு மணிக்கு கிளினிக் நம்பர் எடுக்கோணுமெண்டா நான் அந்த ரயிலை நம்பி இருக்கமாட்டன்.

இப்ப தங்கிற கதைக்கு வாறன். எனக்கு இந்தச் சட்டம் கொழும்பில வந்ததில்லை, எங்கட வீட்டிலயே வந்தது. மேயில இருந்து செப்ரெம்பர் வரைக்கும் கடல் அமைதி, அதோட வெசாக், பொசன் எண்டு போயா லீவும் சனி ஞாயிறோட சேர்ந்து வந்திடும். யாழ்ப்பாணம், கொழும்பு, ரொறன்ரோ எல்லாம் எங்கட விறாந்தையில பாய் விரிக்கும். காலமை கன்னியாவில ஏழு கிணத்திலயும் அள்ளிக் குளிக்கோணும், பிறகு நிலாவெளியில போட் பிடிச்சுப் புறாத்தீவு, உச்சி வெயிலில கோணேசர் கோயில். செருப்பைக் கழட்டிப்போட்டு அந்த நேரத்தில கல்லில கால் வைச்சுப் பாருங்கோ! இரவு வந்து நண்டுக்கறி. மனிசி மூண்டு நாளும் குசினியை விட்டு வெளியில வரேல்ல. புறாத்தீவுக்கு அவ போனதேயில்லை, உள்ளூர்க்காரி! இதைப் பாத்த பிறகு நான் எப்பிடி இன்னொருத்தி வீட்டில போய்ப் பாய் விரிப்பன்?

திருக்கடலூர் அக்கா:
அப்ப மனிசியை ஒரு நாள் புறாத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போறதுதானே. நண்டை நீர் உடையும். விருந்தாளியில என்ன பிழை?

கிண்ணியா நானா:
அக்கா போட்ட போடு! 😄

வெள்ளவத்தை மருமகன்:
நான் பிறந்தது லிங்கநகர், இப்ப இருக்கிறது வெள்ளவத்தை. ஊர் ஆக்கள் வந்து நிக்கிற வீடு என்ர வீடு, அதால எனக்கும் கதைக்க உரிமை இருக்கு. ரெண்டு அறை ஃபிளட், ஒரு பாத்ரூம். காலமை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில அந்தப் பாத்ரூமுக்கு முன்னால நிக்கிற கியூவைப் பாத்தா விளங்கும். ஆக்கள் வாறது எனக்குச் சந்தோஷம்தான். கோபம் வாறது ரெண்டு இடத்தில. ஒண்டு, பஸ் ஏறின பிறகு ஃபோன் எடுத்து “நாங்க வந்துகொண்டிருக்கிறம்” எண்டு சொல்றது. மற்றது, “எப்ப திரும்பிறியள்” எண்டு நாங்க கேக்கேலாது எண்டு தெரிஞ்சும் அவையளாச் சொல்லாமல் இருக்கிறது. வாற நாளையும் போற நாளையும் முதலே சொல்லிப்போட்டு வந்தா, நானா தயிர்ச்சட்டி இல்லாமலும் வரலாம்.

லொட்ஜ் எடுக்கிற ஆக்களோட எனக்குப் பகையில்லை. ஆனா வெள்ளவத்தையில லொட்ஜில நிண்டுபோட்டு, எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல் திரும்பிப் போனதை மற்ற ஆக்கள் சொல்லிக் கேள்விப்படுறதுதான் சுடும்.

உவர்மலையான்:
மருமகன், நீங்க சொல்றது எனக்குச் சம்மதம். அடுத்தமுறை லொட்ஜ்தான், ஆனா கொழும்பில இருக்கிற மச்சாளுக்கு முதலே அறிவிச்சு ஒரு நேரச் சாப்பாட்டுக்குப் போவன். ரெண்டு பக்கத்துக்கும் கரைச்சல் இல்லை.

திருக்கடலூர் அக்கா:
கரைச்சல் இல்லையாம்! சாப்பாட்டுக்கு எண்டு நாள் குறிச்சு வந்தா அவள் வேலைக்கு லீவு போட்டு, முதல் நாளே மீன் சந்தைக்குப் போய், ஏழு கறி வைப்பாள். இரவு தங்கிற ஆளுக்கு எண்டா இருக்கிற புட்டையும் சம்பலையும் தள்ளிவிடலாம். சாப்பிட்ட கோப்பையை நீரே கழுவிக் கவிழ்த்தும் வைக்கலாம். எது அவளுக்கு வேலை குறைவு எண்டு உம்மட மச்சாளிட்டயே கேட்டுப்போட்டு வந்து இங்க எழுதும்.