உதவி தேவை: கேரவனில் மூன்று விதமான சத்தம், எங்கிருந்து தேடுவது?

கேட்டவர் (கோவை), ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய டெம்போ டிராவலர் ஒன்றைக் கேரவனாக மாற்றி ஏழு மாதம் ஆகிறது. அப்பா, அம்மா, நான், மனைவி, பாப்பா என ஐந்து பேர் படுக்கும் வசதி. பாடி வேலை, வயரிங் எல்லாம் ஒரே பட்டறையில் செய்தது. வண்டிக்குள் அடுப்பு, லைட், ஃபேன் இருக்கும் வீட்டுப் பகுதிக்கு 12 வோல்ட், 200 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர், கூரையில் 400 வாட் சோலார். என்ஜின் பேட்டரிக்கும் வீட்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரு ஆட்டோமேட்டிக் ரிலே. என்ஜின் ஓடினால் அது தானாக இரண்டையும் இணைக்கும்.

போன வாரம் வால்பாறை போனோம். ஆழியாறிலிருந்து ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் குறைந்தால் டிரைவர் சீட்டுக்கு அடியில் டொக், டொக், டொக் என்று அடிக்க ஆரம்பித்தது. பனி என்பதால் ஹெட்லைட் போட்டிருந்தேன், பாப்பாவுக்காக முன்பக்க ஹீட்டர் பிளோயரும் ஓடியது. 40 வளைவில் பாதிக்கு மேல் இதே கதை. சமவெளிக்கு இறங்கி 60-ல் போனால் சத்தமே இல்லை. சிக்னலில் நின்றால் மறுபடியும் வருகிறது.

இரண்டாவது, இண்டக்ஷன் அடுப்பைப் போட்டால் பின்கட்டில் பெட்டிக்குள் அப்பளம் பொரிவது போல ஒரு சத்தம். அடுப்பை அணைத்த உடனே நின்றுவிடும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் வருவதில்லை, கெட்டிலுக்கு வருகிறது. அம்மா இரண்டு முறை ஏதோ வாடை வருகிறது என்றார். எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, ராத்திரி அப்பாவின் சிபாப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்று கொடுப்பது) அடாப்டரிலிருந்து உம்ம்ம் என்று வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். வீட்டில் அதே அடாப்டர் சத்தம் போடுவதில்லை.

பட்டறையில் கேட்டேன். ரிலே போயிருக்கும், மாற்றிவிடலாம் என்கிறார்கள். பியூஸ் எதுவும் போகவில்லை. அடுத்த மாதம் அப்பாவை ராமேஸ்வரம் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் சரியாக வேண்டும். எதை முதலில் பார்க்கட்டும்?

பதில் (திருச்சி)

நண்பரே, தண்ணீர் பம்பைப் பார்த்தீர்களா? எங்கள் வண்டியில் குழாய் எங்கோ சொட்டினால் பிரஷர் குறைந்து பம்ப் தானாக ஓடி நிற்கும். ராத்திரி முழுக்க டுர்ர் டுர்ர் என்று கேட்கும். பத்து நாள் எலெக்ட்ரிக்கல் கோளாறு என்று தேடினோம், கடைசியில் ஷவர் பைப் வாஷர்.

கேட்டவர்

நன்றி சார். பம்ப் ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஓட்டிப் பார்த்தேன். டொக் டொக் வருகிறது.

பதில் (சேலம்)

இண்டக்ஷன் போட்டால் வரும் சத்தம் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் (காயில்) சத்தமாக இருக்கும். லோடு ஏறினால் காயில் பாடும். சிபாப் ரீங்காரமும் அதனால்தான். இன்வெர்ட்டரை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று நினைக்கிறேன்.

பதில் (கரூர், பஸ் பாடி வயரிங்)

தம்பி, இதைப் படித்த நிமிடத்திலிருந்து இண்டக்ஷனும் கெட்டிலும் போட வேண்டாம். அம்மாவுக்கு வந்த வாடையை நான் நம்புகிறேன். சேலம் நண்பர் சொல்கிற காயில் சத்தம் வேறு மாதிரி இருக்கும். ஒரே சுதியில், கொசு ரீங்காரம் போல. அப்பளம் பொரிகிற சத்தம் ஒரே சீராக இருக்காது, விட்டு விட்டு வரும். அது எங்கோ ஒரு கனெக்ஷன் சரியாகக் கடிக்கவில்லை, சின்னதாகப் பொறி விடுகிறது என்பதற்கான சத்தம்.

பியூஸ் போகவில்லையே என்று தைரியமாக இருக்காதே. பியூஸ் கரண்ட் கூடினால்தான் போகும். லூஸ் கனெக்ஷனில் கரண்ட் கூடுவதில்லை. அந்த ஒரு புள்ளியில் சூடு மட்டும்தான் கூடும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டுக்கும் (பிஎம்எஸ்) அது தெரியாது. பஸ்ஸில் தீப்பிடித்தால் ஷார்ட் சர்க்யூட் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இப்படி லூஸாக நின்று கருகிய லக்குகளை (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) நான் எத்தனையோ கழற்றியிருக்கிறேன்.

மல்டிமீட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் ஒன்று வாங்கிக்கொள், சாதாரணமானதே போதும். டிசி வோல்ட்டில் வை. ஒரு ஊசியை வீட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனை மேலேயே வை, லக் மேல் வேண்டாம், முனையின் ஈயம் அல்லது பித்தளை மேல். இன்னொரு ஊசியை இன்வெர்ட்டரின் நெகட்டிவ் முனையில் வை. அளக்கும் நேரம் மட்டும் மனைவியை இண்டக்ஷனை 1200 வாட்டில் அரை நிமிடம் போடச் சொல். கேபிளும் கனெக்ஷனும் நன்றாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்குள் காட்டும். அதற்கு மேல் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு வழியில் தொலைகிறது. அப்புறம் பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி பார். எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு மூட்டாக நகர்ந்து வா. ஊசியை ஒரு பக்கத்திலிருந்து அதே பக்கத்துக்குத்தான் வைக்க வேண்டும். பாசிட்டிவ் முனையில் ஸ்பேனரோ மோதிரமோ பட்டால் பெரிய ஆபத்து. வாட்ச், மோதிரம், கையில் இருக்கும் கயிறு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்கார்.

சத்தம் எங்கே என்று கண்டுபிடிக்கத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூப்பில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையைப் பெட்டிக்குள் நகர்த்திப் பார். பிளாஸ்டிக் என்பதால் ஷாக்குக்குப் பயமில்லை. இடம் தெளிவாகத் தெரிந்துவிடும்.

டொக் டொக்கும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். அளவு வந்த பிறகு சொல்கிறேன். ரிலேயை இப்போது மாற்றாதே.

கேட்டவர், செவ்வாய் மாலை

அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பாசிட்டிவ் பக்கம் 0.08 வோல்ட். நெகட்டிவ் பக்கம் 0.92 வோல்ட். டியூப்பைக் காதில் வைத்து நகர்த்தினேன். இன்வெர்ட்டருக்கு அருகே ஒன்றுமில்லை. பேட்டரிக்குப் பின்னால் சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டம்) ஒரு போல்ட் இருக்கிறது, அங்கே வைத்ததும் காதுக்குள் பொரிந்தது. உடனே அடுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அந்த போல்ட்டில் நான்கு லக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. பேட்டரி நெகட்டிவ், இன்வெர்ட்டர் நெகட்டிவ், லைட் ஃபேன் எல்லாவற்றுக்குமான நெகட்டிவ், மேலே ரிலேயின் மெல்லிய கறுப்பு வயர். பேட்டரி லக்குக்கும் இன்வெர்ட்டர் லக்குக்கும் நடுவில் ஒரு ஸ்டீல் வாஷர். வாஷரைச் சுற்றி நீலமும் பழுப்புமாக வானவில் நிறம் ஓடியிருக்கிறது. கேபிளின் ரப்பர் லக்கை ஒட்டிய அரை அங்குலம் உருகிப் பளபளவென்று இருக்கிறது. அடியில் சேஸிஸ் பெயிண்ட் சுரண்டப்படவே இல்லை, கொப்புளம் விட்டிருக்கிறது. அம்மா சொன்ன வாடை இதுதான்.

அந்தப் பெட்டிக்கு நேர் மேலேதான் பாப்பா படுப்பாள்.

பதில் (கரூர்)

பயப்படாதே தம்பி, கண்டுபிடித்துவிட்டாய். கணக்கைப் பார். 1200 வாட் அடுப்புக்கு இன்வெர்ட்டர் நஷ்டமும் சேர்த்து 12 வோல்ட் பக்கத்தில் ஏறக்குறைய 105 ஆம்பியர் ஓடும். 0.92-ஐ 105-ஆல் பெருக்கு, 97 வாட் வருகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் நான்கை ஒரே போல்ட்டில் வைத்த மாதிரி.

லக்கும் லக்கும் செம்போடு செம்பாக ஒட்ட வேண்டும். வாஷர் எல்லாவற்றுக்கும் மேலே, நட்டுக்கு அடியில்தான் வர வேண்டும். ஸ்டீல் செம்பு மாதிரி கரண்டைக் கடத்தாது. நடுவில் வாஷர் போடுவது அவசரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு.

டொக் டொக்கும் அதே போல்ட்தான். உன் மாதிரி ரிலேக்கள் பொதுவாக 13.3 வோல்ட்டில் சேரும், 12.8-க்குக் கீழே வந்தால் பிரியும். அந்த மெல்லிய கறுப்பு வயர்தான் அதற்கு நெகட்டிவ். என்ஜின் ஐடிலில் (மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டு) இருக்கும்போது ஹெட்லைட்டும் பிளோயரும் ஓடினால், என்ஜினோடு சுற்றிக் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஏற்கெனவே இறங்கியிருக்கும். ரிலே சேர்ந்ததும் காலியான லித்தியம் பேட்டரி ஏகப்பட்ட கரண்டை இழுக்கும், அது திரும்பும் வழி இந்த போல்ட். போல்ட்டில் அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் ரிலேக்கு 12.8-க்குக் கீழே தெரியும், பிரிந்துவிடும். பிரிந்ததும் கரண்ட் நிற்கும், வோல்டேஜ் ஏறும், மறுபடி சேரும். டொக். டொக். சமவெளியில் என்ஜின் வேகமாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் 14-க்கு மேல் கொடுக்கும், அதனால் தெரியவில்லை. புது ரிலே போட்டிருந்தாலும் அதே மாதிரி அடித்திருக்கும்.

வேலை செய்யும் வரிசை முக்கியம். இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணு. அப்புறம் சோலார் பேனலின் ஸ்விட்சைத் துண்டி, பேனல் இருக்கும்போது பேட்டரியைக் கழற்றினால் சார்ஜ் கன்ட்ரோலர் கெடலாம். என்ஜின் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. கடைசியாக வீட்டு பேட்டரியின் நெகட்டிவ்.

இன்வெர்ட்டர் நெகட்டிவைச் சேஸிஸ் வழியாகக் கொண்டு போகவே வேண்டாம். செம்பு பஸ்பார் (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பட்டை) ஒன்று வாங்கி, பேட்டரியிலிருந்து அதற்கு, அதிலிருந்து இன்வெர்ட்டருக்கு நேர் கேபிள். சேஸிஸுக்குத் தனியாக ஒரு கேபிள், அந்த இடத்தை உப்புத்தாளில் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு இறுக்கி, மேலே வாசலின் தடவு. உருகிய கேபிளை வெட்டி ஒட்டாதே, புதிதாக 70 ஸ்கொயர் எம்எம் கேபிள் போடு. லக்கைச் சுத்தியலால் தட்ட விடாதே, லக்கைக் கேபிளோடு அழுத்தி இறுக்கும் ஹைட்ராலிக் கிரிம்பர் வைத்திருப்பவரிடம் கொடு. பாசிட்டிவ் பக்கம் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் இருக்கிறதா என்றும் பார்.

பதில் (சென்னை, மருத்துவக் கருவி சர்வீஸ்)

தம்பி, கரூர் அண்ணா சொன்னதை முதலில் முடியுங்கள். சிபாப் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா, வீட்டு கரண்ட் மாதிரி சைன் வேவா? ஸ்கொயர் வேவில் பல அடாப்டர்களும் ஃபேன்களும் இப்படித்தான் முனகும். நாள்பட அடாப்டர் சூடாகிக் கெடவும் செய்யும். அப்பா தூங்கும்போது மெஷின் நின்றுவிடக் கூடாது இல்லையா. மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் டிசி எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். 12 வோல்ட்டாக இருந்தால் பேட்டரியிலிருந்து, 24 வோல்ட்டாக இருந்தால் அந்த மாடலுக்கென்று கம்பெனி தருகிற டிசி கன்வெர்ட்டர் மூலமாக நேரே கொடுக்கலாம். இன்வெர்ட்டரை ராத்திரி அணைத்தே வைத்துவிடலாம், அது சும்மா இருந்தாலும் பேட்டரியைத் தின்னும். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை ஆஃப் பண்ணினால் மெஷின் இழுப்பது நன்றாகக் குறையும். ஆனால் அப்பாவுக்குத் தொண்டை வறண்டால் கஷ்டம், அவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கேட்டவர்

அக்கா, ஸ்கொயர் வேவ்தான். பில்லில் போட்டிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. லேபிளில் 24 வோல்ட். கன்வெர்ட்டருக்குச் சொல்லிவிட்டேன்.

பதில் (ஓசூர்)

ஒன்று சேர்க்கலாமா? லித்தியத்துக்கு இந்த ரிலேயே சரியான ஜோடி இல்லை. அந்த பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 காட்டும். என்ஜினை நிறுத்திய பிறகும் ரிலே நெடுநேரம் பிரியாமலே இருக்கும். அதோடு லித்தியம் இழுக்கிற கரண்டுக்கு ஐடிலில் ஆல்டர்னேட்டர் கொதித்துவிடும், காற்று போதாது. போல்ட் சரியானதும் டொக் சத்தம் நிற்கும், ஆனால் ஆல்டர்னேட்டரை நினைத்தால் ரிலேக்குப் பதிலாக, இழுக்கும் கரண்டை அளவோடு வைக்கும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போடுவது நல்லது. அவசரமில்லை. ராமேஸ்வரம் போய் வந்த பிறகு பார்க்கலாம்.

பதில் (கரூர்)

ஓசூர் சொல்வது சரி. அதுவரைக்கும் நீண்ட நேரம் ஐடிலில் நிறுத்தி சார்ஜ் ஏற்றாதே.

கேட்டவர், அடுத்த திங்கள்

வேலை முடிந்தது. பட்டறைக்குப் போகவில்லை, எங்கள் ஊர் ஆட்டோ எலெக்ட்ரீசியன் ஒருவர் வீட்டுக்கே வந்து கூட இருந்து செய்து கொடுத்தார். பாசிட்டிவில் பேட்டரி அருகே பியூஸ் இல்லை, இன்வெர்ட்டர் பக்கத்தில்தான் இருந்தது. அதையும் பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி மாற்றிவிட்டோம்.

பஸ்பார், புதுக் கேபிள், சுரண்டிய சேஸிஸ் எல்லாம் போட்ட பிறகு அதே 1200 வாட்டில் நெகட்டிவ் பக்கம் 0.06 வோல்ட். இருபது நிமிடம் அடுப்பு எரிந்த பிறகு லக்கைத் தொட்டேன், வெதுவெதுப்புகூட இல்லை. டியூப்பை வைத்துக் கேட்டேன், இன்வெர்ட்டர் ஃபேன் சத்தம் மட்டும். ஹெட்லைட், பிளோயர் எல்லாம் போட்டு வண்டியை ஐடிலில் ஐந்து நிமிடம் நிறுத்தினேன், ரிலே ஒரு முறை சேர்ந்தது, அப்புறம் அசையவில்லை. கன்வெர்ட்டர் இன்னும் வரவில்லை, வந்ததும் அப்பாவை ஒரு ராத்திரி வீட்டு வாசலிலேயே வண்டிக்குள் படுக்க வைத்துப் பார்க்கப் போகிறேன்.

பழைய வாஷரை எடுத்து வைத்திருக்கிறேன். பட்டறையில் அடுத்து வயரிங் செய்யப் போகிற பையனிடம் காட்டச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.

பதில் (கரூர்)

நல்லது தம்பி. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒரு முறை இறுக்கிப் பார், புதுக் கேபிள் கொஞ்சம் அமுங்கும். அதையே ராமேஸ்வரம் போகும் முன்பு செய்துவிடு.